மூளிக்காது

ஆர்டரோடு வந்த கோப்பில்
நாற்பத்திரண்டு பக்கம், கரடியைப் பற்றி மட்டும்.
பெயர் நோலோ. வயது அறுபத்து மூன்று.
படத்தில் மட்டும் என்றைக்கும் ஆறு.

கைக்கு நாலே விரல்.
ஐந்தாவதையும் வரைந்தால்
நொடிக்கு இருபத்துநாலு தடவை கூலி கொடுக்கணுமே என்று
முதலாளி வெட்டிவிட்டாராம்.
திருப்பூரில் பிறந்திருக்க வேண்டிய மனுசன்.

கழுத்துப் பட்டி அழகுக்கில்லை.
உடம்பை அப்படியே வைத்துத்
தலையை மட்டும் மாற்றி மாற்றி வரைய,
ஒட்டுப் போட்டது தெரியாமலிருக்க.
நாங்களும் கழுத்தில் ரிப் வைத்துத்தான்
தையலை மறைக்கிறோம்.

குரல் தந்தவர் நடிகரில்லை,
ஸ்டுடியோவுக்கு ரொட்டி கொண்டுவந்த ஆள்.
அன்றைக்குக் காலையில் பல் பிடுங்கியிருந்தார்.
அந்தக் குழறல் எல்லோருக்கும் பிடித்துப்போக
பிறகு முப்பது வருசம்
வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு பேசினார்.

பக்கம் பதினொன்று:
இடது காது கிடையாது.
முதல் தாளில் ஆணிக்குத் துளை போட்டபோது
காதும் துளையோடு போயிற்று.
இன்னொரு தாள் எடுக்க நேரமில்லை.
காது எங்கே என்று பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுத,
சரி, இல்லாமலே இருக்கட்டும் என்று விட்டார்கள்.

இதையெல்லாம் நான் டீ குடித்துக்கொண்டே
சிரித்துச் சிரித்துப் படித்தேன்.
யாருக்கும் சொல்லவில்லை.

அனுப்பர்பாளையம் யூனிட்டில் ராத்திரி ஒன்றரை.
பிரிண்டிங் சென்னியப்பண்ணன்
பிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்திருக்கிறார்.
பதினெட்டு வருசத்தில்
ஒரு நூல்கூடக் கலர் விலகாத கை.
'அடக் கொடுமையே, காது கட்டாயிருச்சாட்ட இருக்குது.'
வலது காதைத் திருப்பி இடப்பக்கம் ஒட்டி
ஓட்டிவிட்டார்.
பன்னிரண்டாயிரம் பீஸ்.

காலையில் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது
அவருக்கு விளங்கவேயில்லை.
'ஏனுங்க, கொழந்தைங்க போடறதுங்க.
மூளியாவா அனுப்பறது?'

குறை இருந்து திரும்பிய சரக்கு பார்த்திருக்கிறேன்.
ஒரு காது அதிகமென்று திரும்பியது அது ஒன்றுதான்.
அவர் சம்பளத்தில் பிடித்தார்கள்.
பாதியை நான் ஏற்றுக்கொண்டேன்,
பதினோராம் பக்கம் என்னிடம்தானே இருந்தது.

பீஸ் பதினெட்டு ரூபாய்க்குக் காதர்பேட்டை போனது.
அங்கிருந்து எக்ஸெல் வண்டியில் பொதி பொதியாக
வெள்ளகோவில், புளியம்பட்டி, சத்தி.
அந்தச் சித்திரை முழுக்க
எங்கே திரும்பினாலும் இரண்டு காதோடு கரடி.
அவிநாசித் தேருக்கு அப்பன் தோளில் ஏறி வந்தது ஒன்று.
கண்ணபுரம் மாட்டுச்சந்தையில்
காங்கேயங் காளையின் கொம்பை எட்டித் தொட்டது ஒன்று.

செக்கிங் சுகந்தாமணியின் மகள் தருணிகா
அதைக் கழற்ற மாட்டேனென்றாள்.
துவைத்துத் துவைத்துக் கரடி வெளுத்தது.
இடது காது மட்டும் அப்படியே.
அதற்கு மட்டும் இரண்டு கோட் கொடுத்திருக்கிறார் மனுசன்.

போன ஞாயிறு டிவியில்
நோலோ தமிழ் பேசிக்கொண்டு வந்திருக்கிறது.
கிட்டப் போய் உற்றுப் பார்த்தாளாம்,
பனியனைக் குனிந்து ஒரு தடவை பார்த்தாளாம்.
'ம்மா, டிவீல வர்றது
ரிஜெக்ட் பீஸு.'

சென்னியப்பண்ணனிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை அவர்.
'அத நானு அன்னைக்கே சொன்னனுங்களே' என்று
ஸ்குவீஜியைக் கழுவப் போய்விட்டார்.