காருக்குப்பேட்டை

பதினொன்றாம் வகுப்பு, அச்சுப் பிரிவு.
எங்கள் முதல் வெளி வேலை:
கொருக்குப்பேட்டை கேரம் கிளப்புக்கு நோட்டீஸ்,
இரண்டு வண்ணம், முந்நூறு பிரதி.
ஸ்ட்ரைக்கர் படத்துக்கு இடம் வேண்டி
எழுத்துப் பெட்டியை ஒரு நூல் ஒடுக்கியது நான்தான்.

நீலம் ஓடியது. காய்ந்தது. சிவப்பு ஓடியது.
ஓரத்துக் கூட்டல் குறிகள்
ஒன்றன்மேல் ஒன்றாய் உட்கார்ந்தபோது
ரிஸ்வானா மை விரலால் என் முதுகில் தட்டினாள்.
யூனிஃபார்மில் இன்னும் இருக்கிறது.

கட்டு கட்டும்போதுதான் பார்த்தோம்.
பழைய எழுத்துரு, அதில் கொம்பு தனி ஆள்.
வரிக் கடைசியில் அது மட்டும் நிற்க
மிச்ச ஊர் கீழே இறங்கியிருந்தது:
காருக்குப்பேட்டை.

"கேட்டு போட்டுட்டான்டி" என்றாள்.
தினம் எங்கள் முதல் பீரியடைத் தின்கிற
அதே ரயில்வே கேட்டு.
அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்,
நடுவில் டேங்கர் வண்டி.
ஐம்பத்தாறு பெட்டிவரை எண்ணியிருக்கிறேன்.

தாள் கணக்கை வாத்தியாரிடம் யார் சொல்வது?
பூவா தலையா போட்டோம். தோற்றேன்.
அவர் கத்தவில்லை.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
அந்த ஒற்றைக் கொம்பைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
"மறுபடி பிளேட் போடு.
இதெல்லாம் பின்பக்கம் ரஃப் நோட்டு."

ஒன்றை மட்டும் திருடி வந்து
கேட்டுக் கம்பத்தில் ஒட்டினோம்.
நின்று படிக்க அங்கேதான் ஆளுக்கு நேரம்.

வெள்ளை காரில் ஒருவர் கண்ணாடியை இறக்கி
வாய்விட்டுப் படித்தார்.
முன்னால் எட்டு கார், பின்னால் பதினொன்று.
தலையை ஆட்டினார்.
இன்ஜினை அணைத்தார்.