ஒரே தண்ணீர், இரண்டு பாட்டில்

காலை எட்டுக்கு ஆர்லோ வருவான்,
ராத்திரி ஷிப்ட் முடித்த கண்களோடு.
ஊறுகாய்ப் பாட்டிலில் தண்ணீர்.
பிஎச் எட்டைத் தாண்டியிருக்கும்.
ஒரு கேலன் அமிலம் வாங்கிக்கொண்டு
சில்லறையை எண்ணாமல் போவான்.

மாலை ஐந்தரைக்கு மெர்னா.
பழைய பால்புட்டியில் தண்ணீர்.
பிஎச் ஆறே முக்கால்.
பையனுக்குக் கண் எரிகிறதாம்,
ஏணித் திருகாணியில் துருவாம்.
சோடா மாவு நாலு பொட்டலம்.

செலைனா நகரத்தின் வெயிலில்
கல்லாவுக்குப் பின்னே நின்று
சொட்டுச் சொட்டாய் எண்ணிப் பார்ப்பவள் நான்.
இரண்டு ரசீதிலும் ஒரே வீட்டு எண்
என்று கண்ணில் பட மூன்று வாரமானது.

பதினைந்தடி வட்டம்,
இடுப்புக்கு எட்டாத பிளாஸ்டிக் சுவர்.
அவள் இல்லாத பகலில் அவன் திருத்துகிறான்.
அவன் இல்லாத அந்தியில் அவள்.
யார் பக்கம் சேர்வதென்று தெரியாமல்
பால் கலந்ததுபோல் நிற்கிறது தண்ணீர்.

சொல்லியிருக்கலாம்.
விற்றதில் எனக்குக் கமிஷன் உண்டு, அது ஒன்று.
இன்னொன்று,
ஒருவர் பெயரை ஒருவர்
இந்தக் கடையில் உச்சரித்ததே இல்லை.

செவ்வாயன்று இருவர் சீட்டிலும் ஒரே வரி எழுதினேன்:
"ரெண்டு நாள் எதையும் போடாதீங்க.
மோட்டார் மட்டும் ஓடட்டும்."
அமிலமும் விற்கவில்லை, மாவும் விற்கவில்லை.
முதலாளி ஒரு மாதிரி பார்த்தார்.

வெள்ளி காலை யாரும் வரவில்லை.
மாலையில் மெர்னா வந்தாள்,
கையில் ஊறுகாய்ப் பாட்டில்.

தண்ணீர் இன்னும் கலங்கல்தான்.
வெந்தய வாசனை வேறு.