இரண்டு டயரும்

விடிகாலை ஐந்தே கால்.
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு,
மாடிப்படிக்கு அடியில்
டெல்வினின் சைக்கிளை எடுக்கப் போனேன்.

கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்.
எண்ணூர் போய்வர இருபத்தாறு.
காசிமேட்டில் நோட்டை நீட்டியபோது
ரூபாவதி அக்கா கேட்டது:
"இன்னாத்துக்குடா வசூலு?"
பசங்க மனசுக்கு என்றேன்.
"மனசு கூடவா பஞ்சராவும்?"
சிரித்தவள் சட்டென்று நிறுத்தி
செதில் ஒட்டிய கையால்
இருநூறு எடுத்துக் கொடுத்தாள்.
பெயர் போடாதே என்றாள்.

டெல்வின் வெளியே வந்து ஏழு மாதம்.
கதவுக்கு இந்தப் பக்கம் நின்று
நான் சொன்ன கேரம் ஸ்கோருக்கெல்லாம்
ஒரு "ம்" கூட வந்ததில்லை.
நேற்று கதவிடுக்கில்
பூட்டுச் சாவி மட்டும் வந்தது.

பம்பு கொண்டுபோயிருந்தேன்.
அமுக்கிப் பார்த்தால் டயர் கல் மாதிரி.
இரண்டுமே.
செயினில் புது எண்ணெய்.
சீட்டில் கறுப்பாய் ஒரு கட்டைவிரல் ரேகை.

கன்டெய்னர் லாரிகள் தூங்கும் சாலை,
வலப்பக்கம் கடல், எதிர்க்காற்று,
நெஞ்சில் 214 படபடத்தது.
எண்ணூரில் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் தந்தார்கள்.
ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன்,
வீடு சேர்வதற்குள்
நசுங்கிவிடும் என்று தெரிந்தே.