பதினேழு சென்டிமீட்டர்

அகலம் பதினேழு, நீளம் பதினேழு.
என் கையை விரித்து அதன் மேல் வைத்தால்
நடுவிரல் நுனி மட்டும் வெளியே நிற்கும்.
இதற்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும் என்கிறான் ஆரூரன்.
பெரிய போர்டுக்குப் பெரிய பெட்டி.
பெரிய பெட்டி தொங்கு ரயிலில்
மடியில் நிற்காது.

ஞாயிறு மாலை ஓபர்பார்மனில் ஏறி
ஃபோவிங்கலில் இறங்குவான்.
மறு ஞாயிறு அதே பாதை, திரும்பி.
இடையில் அரை மணி நேரம்
வுப்பர் ஆற்றுக்கு மேலே ஆடிக்கொண்டு.
வக்கீல் கடிதத்தில் இதற்கொரு மரியாதையான பெயர் உண்டு: மாறுமுறை.
ஒரு கிழமை எனக்கு, ஒரு கிழமை வதனிக்கு.
கம்ப்யூட்டர் யாரிடம் என்று
கடிதம் சொல்லவில்லை.

பிராசசரை முதலே வாங்கிவிட்டான்,
இரண்டு பிறந்தநாள் காசைச் சேர்த்து.
மாரி பிஸ்கட்டில் பாதிதான் இருக்கும்;
சாப்பாடு கல்யாண வீட்டுக்குக் காணும்.
நூற்று எழுபது வாட்.
கோபம் வந்தால் இருநூற்று முப்பது.

முதல் போர்டு நூற்று முப்பது யூரோ.
நான் அதிலேயே நின்றேன்.
"அதில ஆறு பேர்தான் அப்பா" என்றான்.
மின்சாரத்தைப் பங்குபோட்டுச் சுமக்கும்
சின்னக் கறுப்புச் சதுரங்கள்,
தலைக்கு ஒரு அலுமினியத் தொப்பிகூட இல்லாமல்.
"அரை மணித்தியாலம் ஓடினா நூறு டிகிரி தாண்டும்.
உடையாது. மெதுவாகும். அவ்வளவுதான்."

நான் பிறர் வீடுகளைத் தூக்கிக் கொடுக்கும் கம்பெனியில் இருக்கிறேன்.
எல்பர்ஃபெல்டில் நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை,
ஒரு பியானோ;
ஆறு பேர் வர வேண்டிய இடத்தில் மூன்று பேர்.
உடையவில்லை. மெதுவானோம்.
மகனே, இந்தக் கணக்கு
என் இடுப்புக்குத் தெரியும்.

இரண்டாவதில் பத்துப் பேர்,
அவர்களுக்கு விசிற ஒரு குட்டி விசிறி.
காதோரம் நுளம்பு மாதிரிக் கத்துமாம் இரவெல்லாம்.
மூன்றாவதிலும் பத்து, சத்தமில்லை,
ஆனால் தொப்பி உயரம்:
கூலர் உட்காரவிடாமல் நாலு மில்லிமீட்டர் முட்டுகிறது.
மேசை முழுக்க அடிமட்டமும் பென்சிலும்.
தேநீர் ஆறிப் போனது.

தாய்ப்பலகை என்று தமிழில் எழுதுகிறார்களாம்.
நான் மதர்போர்டு என்றே சொல்லிக்கொள்கிறேன்.
இந்த வீட்டில் அந்தச் சொல்லைப்
பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வதனி போன் எடுத்தாள்.
"இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?
ஒரு கிழமை பில் நான்தானே கட்டுறன்."
சொன்னேன். மறுமுனை கொஞ்சம் யோசித்தது.
"மைக்ரோவேவோட சேர்த்துப் போட்டால் பியூஸ் போகுமோ?"
போகாது என்றேன்.
குறுக்கே வெட்டாமல், பழசைத் தோண்டாமல்
இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிய
நீளமான பேச்சு அதுதான்.
முழுக்க வாட்.

கடைசியில் மூன்றாவதையே எடுத்தோம்,
ஹாகனில் ஒரு மாணவனிடம், பாவித்தது, இருநூற்று ஐந்து.
தொப்பியைத் தனியே கழற்றி
பால்கனியில் வைத்து அரம் போட்டேன்.
தூள் சட்டைக் கையில் பளபளத்தது.
முதலில் மூன்று மில்லிமீட்டர். காணாது.
இன்னுமொன்று.
திருகும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்,
நானும்.

ஓடியது.

பிறகு நீலத் திரையில் எதையோ தட்டி
இரண்டு கணக்கு எழுதி வைத்தான்.
ஃபோவிங்கல்: எண்பத்தெட்டு வாட்.
பார்மன்: வரம்பில்லை.
"அம்மாவுக்குப் பில் பயம், சரி.
எனக்கு மட்டும் ஏன் முழுசு?"
பெட்டியின் வாய்ப்பக்கம் கால்களை நீட்டி
வெந்நிறக் காலுறையை உலர்த்திக்கொண்டே சொன்னான்:
"நீங்கள் ஹீட்டரை எப்பவும் ரெண்டிலதானே வைக்கிறீங்கள்."

அடுத்த தடவை
ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னமே
மூன்றுக்குத் திருப்பினேன்.
நாலுக்கு மனம் வரவில்லை.