விழுகிறவன்

இந்த விளையாட்டில் நான் இருநூற்றுப் பதினொரு பேர்.
சரியாகச் சொன்னால்
அவர்கள் விழும்போது மட்டும் நான்.

உடம்பெல்லாம் சாம்பல் நிறக் குண்டுகள் ஒட்டிய கறுப்பு உடுப்பில்
யொகொஹாமா கிடங்கு ஒன்றில் ஒன்பது வாரம் விழுந்தேன்.
மல்லாக்க, குப்புற, ஒருக்களித்து,
சைக்கிளால் அடிபட்டு,
கடைப் பலகையால் அடிபட்டு,
ஒருமுறை உறைந்த சூரை மீனால் அடிபட்டு.
சைக்கிளும் இல்லை, மீனும் இல்லை.
எல்லாவற்றுக்கும் ஒரே நுரைக்குழாய்.
"குஜிராய், இன்னும் கொஞ்சம் ஆசையாக விழு"
என்பார் நிக்காய்தோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.
ஆசையாக விழுவது எப்படி என்று கேட்கவில்லை.
விழுந்தேன்.
அன்றிலிருந்து என் இடது தோள்
வானிலை அறிக்கைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது.

ஒரு வட்டு இலவசமாக வீட்டுக்கு வந்தது.

எண்பத்தெட்டு டிசம்பர். ஓசாகா. இரவு.
ஈரத் தரையில் நியான் எழுத்துகள் தலைகீழாக நிற்கின்றன.
டாக்சியை மறிக்கப் பத்தாயிரம் யென் நோட்டை
விசிறிபோல் ஆட்டுகிறான் ஒருவன்.
பச்சிங்கோ கதவு திறக்கும்போதெல்லாம்
தெருவில் எஃகு ஆலங்கட்டி கொட்டுகிறது.
குப்பைப் பைகூட அந்தக் காலத்துக் கறுப்பு.
எண்பத்தெட்டில் எனக்கு ஆறு வயது.
சரி, தப்பு சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு.
எல்லாம் சரி.

நாயகன் சிறையிலிருந்து வந்தவன். கருநீலக் கோட்டு.
யாரையும் கொல்வதில்லை.
மோட்டார் சைக்கிளைத் தூக்கி மண்டையில் போட்டாலும்
அடிபட்டவன் எழுந்து, மண்டியிட்டு,
நெற்றி தரையில் பட மன்னிப்புக் கேட்டு
பணத்தை இரண்டு கையாலும் நீட்டுவான்.
அந்த மண்டியும் நான்தான்,
இருபத்தாறாம் நாள், சாப்பாட்டுக்குப் பிறகு.

இரண்டாவது சந்து திரும்பினால்
ஸ்நாக் யூநாகி.

மாலையில் கடற்காற்று நின்றுபோகும் வேளைக்கு அந்தப் பெயர்.
அம்மா அங்கே விஸ்கியில் தண்ணீர் கலந்தாள்.
நான் பின்பக்கம் கவிழ்த்த பீர்ப் பெட்டியின்மேல்
கழித்தல் கணக்குப் போட்டேன்.
கடன் கேட்டு வருகிறவர்கள் கத்த மாட்டார்கள்.
வந்தால் ஒரே ஒரு பொருளை உடைப்பார்கள்.
ஜூனில் கரவோகே பெட்டி.
ஆகஸ்டில் ஐஸ் வாளி.
அக்டோபரில் அம்மாவின் வலது மணிக்கட்டு.
யாரும் மண்டியிடவில்லை.

எவரோ பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள்.
ஊதா விளக்கு, விரிசல் விட்ட ஓடு, கதவின் பித்தளைப் பிடி.
நாயகனைக் கதவில் மோதவிட்டேன்.
அது கதவில்லை, கதவின் படம்.
அவன் சுவரைப் பார்த்தபடி
நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான்.

"ஏய், எங்கே பார்க்கிறே?"
மூன்று பேர், பளபளக்கும் சட்டைகளில்.
அடித்தேன். பொத்தான் உள்ளே போய்
வெளியே வர மறுக்கும் வரை அடித்தேன்.
மூன்று பேரும் இடது தோளைக் காப்பாற்றிக்கொண்டு
என்னைப் போலவே விழுந்தார்கள்.
மூன்று பேரும் என்னைப் போலவே மண்டியிட்டார்கள்.
நாலாயிரத்து முந்நூறு யென்.

எடுக்காமல் அம்மாவுக்குப் போன் செய்தேன்.
பதினோரு மணி. விழித்துத்தான் இருந்தாள்.
கடை ஒரு விளையாட்டில் வந்திருக்கிறது என்றேன்.
தேநீர் ஊற்றும் சத்தம்.
முப்பத்தைந்து வருடமாக இடது கைதான் ஊற்றுகிறது.
"வாசலில் உப்பு இருக்கா?"

குனியச் சொன்னேன், அவனுக்குக் குனியத் தெரியவில்லை.
கேமராவைத் தாழ்த்தினேன்.
கதவின் இரு பக்கமும்
விரல் உயரத்துக்கு இரண்டு வெள்ளைக் கூம்புகள்.

"இருக்கும்மா. மூணு பேர் அதுமேலேயே விழுந்தானுங்க.
ஒரு கல்கூடச் சிதறலை."

கொஞ்ச நேரம் தேநீரை ஊதினாள்.

"அப்போ அது
நம்ம கடை இல்லை."