கூடுதல் சுமை

மாவுன் விமான நிலையத்தில்
என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தராசு.
பெட்டிக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் அதுதான்.
ஆறு இருக்கை செஸ்னாவுக்குப்
பணக்காரன் ஏழை தெரியாது, கிலோ தெரியும்.

பிப்ரவரி மழை ஓயும்போது வருவார்கள்,
ஈசல் மாதிரி என்பார் முதலாளி.
நியூசிலாந்து, போலந்து, பிரேசில்.
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை,
பிளாஸ்டிக் உறையில் லைசென்ஸ்,
இருநூற்றுச் சொச்சம் மணி நேர வானம்,
அதை வாங்கிய கடன்.
கடனை யாரும் விண்ணப்பத்தில் எழுதுவதில்லை;
காலணியைப் பார்த்தால் தெரியும்.

தானெல், எஸ்தோனியாக்காரன்,
முதல் நாள் விளையாட்டாகத் தராசில் ஏறினான்:
எண்பத்தொன்று.
"ஏதாவது இருக்கிறதா?"
"நாளைக்கு வா."
இந்த இரண்டு சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம் என்று
சில நாள் தோன்றும்.

தாமலாகானே ஆற்றங்கரையில் கூடாரம்.
இரவில் நீர்யானை மேயும் சத்தத்தில்
தூங்காமல் கிடந்து காலையில் வருவான்.
கூலி இல்லாமல் கொட்டகை கூட்டினான்,
சக்கரங்களில் சேறு கழுவினான்,
சதுப்பு நிலத்து ஓடுதளங்களின் பெயர்களை
எங்கள் உச்சரிப்பிலேயே சொல்லப் பழகினான்.
எழுபத்தெட்டு.
எழுபத்தைந்து.
"நல்லது, உன்னோடு இன்னொரு கேமராப் பை ஏற்றலாம்" என்றேன்.
சிரித்தான்.
அடுத்த முறை சொன்னபோது சிரிக்கவில்லை.

ஏப்ரலில் விக்கஸுக்கு தோஹாவிலிருந்து அழைப்பு.
பெரிய விமானம், பெரிய சம்பளம்,
மழைச்சட்டையை ஆணியிலேயே விட்டுப் போனான்.
ஓர் இருக்கை காலி.
முதலாளி தானெலைக் கூட்டிக்கொண்டு பறந்தார்.
சரளைத் தளத்தின்மேல் தாழப் பறந்து
யானைகளைக் கலைத்து, சுற்றி வந்து இறக்கினானாம்.
மடியில் முட்டை வைத்திருந்தாலும்
உடைந்திருக்காது என்றார்.
கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார், பர்மிட் அலுவலகத்துக்கு:
இவ்வேலைக்குத் தகுதியான உள்ளூர் ஆள்
எவரும் கிடைக்கவில்லை.

அந்த வரியில் விரல் நின்றுவிட்டது.

என் பெரியம்மா மகன் ஒன்காபெத்சே.
ஜோகன்னஸ்பர்க் பக்கம் பயிற்சி;
பதினெட்டு மாடு அதற்குப் போயிற்று.
பதினான்கு மாதம் அங்கே கதவு தட்டினான்.
எங்கள் பையன்களுக்கே இல்லை என்றார்கள் அங்கே.
இப்போது கடைவீதியில் டயர் மாற்றுகிறான்.
ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை,
அது அவன் வீம்பு.
நானாகச் சொன்னதும் இல்லை,
அது என் வீம்பு.

வரியை அழித்தேன்.
முதலாளி வெகுநேரம் பேசவில்லை. பிறகு,
"உன் ஆளுக்கு யானை ஓட்டத் தெரியுமா?"
"மாடு ஓட்டத் தெரியும்."

பத்து நாள் தானெல் வரவில்லை.
பதினோராம் நாள் வந்தான்.
யார் சொன்னார்களோ, தெரிந்திருந்தது.
பழக்கத்தில் தராசில் ஏறினான்.
எழுபத்து மூன்று.
மன்னிப்புக் கேட்டால் பொய்யாகும்.
வேலை செய்யாத குற்றத்துக்கு
நான் எதைக் கேட்பது?
காகிதப் பையில் ஆறு மக்வின்யா, சூடு ஆறாதவை,
மதியத்துக்கு எனக்கென்று வாங்கியது, நீட்டினேன்.
நின்றபடியே தின்றான்.

ரேடியோ கரகரத்தது.
ஒன்காபெத்சேயின் குரல்:
யானைகள் விலகிவிட்டன, இறங்குகிறேன்.

தானெல் மெல்வதை நிறுத்தினான்.
எண்ணெய் படிந்த அவன் வலக்கை,
அவனுக்கே தெரியாமல்,
அங்கே இல்லாத விசையைப் பிடித்து
மெல்ல, மெல்லப்
பின்னுக்கு இழுத்தது.