உப்பனாற்றில், ஷிப்ட் முடிந்து

சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்து
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
உப்பனாற்றுக் கரையில் வண்டியை நிறுத்துகிறேன்.
மார்கழி. பனியா புகையா, தெரியவில்லை.

சேற்றில் உள்ளான்கள்.
நாற்பது வரை எண்ணினேன்.
ஒன்று எழும்ப எல்லாம் எழும்பின.
மறுபடி ஒன்றிலிருந்து.
சம்பளச் சீட்டின் பின்பக்கம் குறித்திருக்கிறேன்:
கார்த்திகைக் கடைசியில் பதினெட்டு.
புயலுக்கு மறுநாள் ஒன்றுமில்லை.

இன்று கண்டல் புதரிலிருந்து ஒரு நரி.
நண்டை மென்றபடியே என்னைப் பார்த்தது,
கேட்டில் செக்யூரிட்டி பார்ப்பதுபோல.
நரி முகத்தில் விழித்தால் யோகமாம்.
நான்தான் இன்னும் தூங்கவே இல்லையே,
கணக்கில் வருமா?

போனில் பூங்கோதையிடம் கேட்டேன்.
இட்லி ஆறுகிறது என்றாள்.
பிறகு, கொஞ்சம் பொறுத்து:
"அதுக்கும் நைட் ஷிப்ட்தானே,
போய்ப் படுக்கட்டும், விடுங்க."